கமாரோ வந்தாச்சு, கூரை மூடியில்தான் பஞ்சாயத்து!

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசவில்லை, கராஜில் நின்று பேசுகிறேன். காரணம் பின்னால் நிற்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். 1995 செவர்லே கமாரோ இசட்28 கன்வர்ட்டிபிள். அடர் பச்சை, 5.7 லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக் எவ்வளவு சல்லிசாக வந்தாலும் தொடமாட்டேன் என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருப்பேன்! சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

கமாரோவுக்குப் போட்டியான ஃபோர்டு மஸ்டாங் கட்சிக்காரர்கள் இந்நேரம் முகத்தைத் திருப்பியிருப்பீர்கள். அதே 1995இல் மஸ்டாங் ஜிடி 215 குதிரைத்திறன், இந்த இசட்28 275. மேற்கொண்டு இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் கூரையை மடித்துவிட்டால் பின்சீட்டுக்குப் பின்னால் துணியும் இரும்புச் சட்டமும் அப்படியே மடிந்து கிடக்கும். பார்க்க நன்றாக இருக்காது. அதன்மேல் போட கெட்டியான ஒரு மூடி உண்டு. மூன்று துண்டு. நடுவில் அகலமாக ஒன்று, இரண்டு ஓரத்துக்கும் வளைந்தாற்போல ஒவ்வொன்று. மாட்டிவிட்டால் வண்டியின் முதுகு வழவழவென்று ஒரே கோடாக இருக்கும். கழற்றினால் டிக்கியில்தான் வைக்க வேண்டும், டிக்கியில் இருப்பதோ கொஞ்சம் இடம். அதனால் ஆட்கள் அதைக் கராஜ் மூலையில் சாத்தி வைத்துவிட்டு, வீடு மாறும்போது தொலைத்துவிடுகிறார்கள்.

நான் வாங்கியது மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் பக்கம் ஒரு பெரியவரிடம். 8,500 டாலர் சொன்னார். பேசிப் பேசி 8,000 வரை இறங்கிவிட்டு, அதற்குமேல் மசியவில்லை. அப்போதுதான் டிக்கியைத் திறந்து பையைப் பிரித்தேன். நடுத்துண்டு இருக்கிறது, வலது துண்டு இருக்கிறது, இடதைக் காணோம். "கூரையை மூடி வைத்திருந்தால் அது எதற்கு?" என்கிறார். கூரையை மூடி வைக்கவா ஒருவன் கன்வர்ட்டிபிள் வாங்குவான்! அந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கூட வந்த மச்சான் வெட்கப்பட்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார். கடைசியில் 7,600க்கு முடிந்தது. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக 400 டாலர் குறைத்திருக்கிறேன், மக்களே.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். இடது துண்டை மட்டும் யாரும் விற்பதில்லை. பழைய வண்டியைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் கேட்டால், தந்தால் முழு செட்டாகத்தான் தருவேன், 350 என்றார். வாங்கிவிட்டேன். கணக்குப் போட்டால் 50 டாலர் எனக்கு லாபம். அதுவும் போக இப்போது என்னிடம் நடுத்துண்டு இரண்டு, வலது துண்டு இரண்டு இருக்கின்றன. யாருக்காவது வலது பக்கம் தேவைப்பட்டால் விலை பேசலாம், சும்மா தரமாட்டேன். ஒரே குறை, புதிதாக வந்த இடது துண்டு ஒரு மாற்று வெளுத்திருக்கிறது. இதோ, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டுகிறேன்... தெரிகிறதா? நிழலில் தெரியாது. வெயிலில் எனக்குத் தெரிகிறது. மச்சானுக்கு எங்கேயுமே தெரியவில்லையாம்.

இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிய வேண்டிய இடம் எஞ்சினின் முன்பக்கம், அடியில். இந்த எல்டி1 எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற கருவியை, கொண்டுபோய் வாட்டர் பம்புக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஆப்டிஸ்பார்க் என்று பெயர். பம்ப் கசிந்தால் கூலன்ட் நேராக அதன் தலையில்தான் சொட்டும். ஈரம் உள்ளே போனால் எஞ்சின் விட்டு விட்டு அடிக்கும் (மிஸ்ஃபயர்), அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மாற்ற வேண்டுமென்றால் பம்பையும் கழற்றித்தான் ஆக வேண்டும். எந்தப் புண்ணியவான் யோசனையோ! நான் டார்ச்சை அடித்து, பம்பின் அடியில் இருக்கும் ஓட்டையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். விரலில் வெறும் தூசி, பிசுபிசுப்பே இல்லை. பாதி மனசு அங்கேயே முடிவாகிவிட்டது.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்புக்கு எந்த வண்டியும் தப்பாது. மச்சான் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார், ஒட்டவில்லை. "முழுக்க பட்டி போட்டிருக்கிறார்கள், வா போகலாம்" என்று காதில் கிசுகிசுக்கிறார். கதவும் முன் ஃபென்டரும் இந்த வண்டியில் கம்பெனியிலிருந்தே பிளாஸ்டிக் வகைதான், அங்கே துரு பிடிக்காது. அதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகடு இரும்பு. காந்தத்தை அங்கே வையுங்கள், அடியில் தரைத்தகட்டைத் தட்டிப் பாருங்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான் புலம்பல்தான். பக்கத்துச் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில், அடியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போவதற்காகத் தரையை மேடாக்கி விட்டிருக்கிறார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் அம்மிக்குழவியை வைத்தது மாதிரி இருக்கும். ஓட்டுகிற எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

எனக்குத் தொல்லை கியரில். முதல் கியரில் மெதுவாகப் போய்விட்டு இரண்டாவது போட்டால் லீவர் நான்காவதுக்கு ஓடுகிறது! பெட்ரோல் மிச்சம் பிடிக்க அன்றைக்குச் செய்த ஏற்பாடு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் வராது. இதை முடக்குவதற்கென்றே சின்னதாக ஒரு பிளக் விற்கிறார்கள். ஆர்டர் போட்டாகிவிட்டது.

அட, சாவியைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! பேரம் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டியது. சாவித் தண்டில் இதோ, கறுப்பாக ஒரு பொட்டு. அதற்குள் ஒரு ரெசிஸ்டர். மொத்தம் 15 அளவுகள் உண்டு, சரியான அளவு இல்லையென்றால் சாவி திரும்பும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இன்னொன்று, வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கும் நம்ம நீல ஸ்கேனர் இதில் பேசாது. 16 பின் சாக்கெட் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் 1995 கமாரோவின் கம்ப்யூட்டர் உள்ளே பழைய பாஷைதான் பேசுகிறது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரில் எட்டாவது எழுத்து பி (P), அதாவது எல்டி1. முதல் எண் 2, அதாவது கனடா. ஆமாம், கியூபெக்கில் இருக்கும் சேன்ட் தெரேஸ் ஆலையில் செய்த அமெரிக்க மசில் கார்!

வண்டியைப் பெயர் மாற்றியதில் 6 சதவீத வரி, 456 டாலர். வயிற்றெரிச்சல். 26 வருஷம் ஆகிவிட்ட வண்டி என்பதால் பழைய வண்டிகளுக்கான ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் எடுக்கலாம், ஆனால் அதில் கார் ஷோ, அணிவகுப்பு மாதிரியானவற்றுக்குத்தான் எடுத்துப் போகலாம். ஆகஸ்ட்டில் மட்டும் தாராளமாக ஓட்டலாம். டெட்ராய்ட் பக்கம் பழைய கார்கள் ஊர்வலம் போகும் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமைதான், அதற்குச் சரிப்படும். ஜூன் மாதச் சாயங்காலத்தில் நான் என்ன செய்வது? சாதாரண பிளேட்டே போட்டுவிட்டேன்.

அடுத்த வீடியோவில் டிரைவர் பக்கக் கதவைப் பிரிக்கிறேன். கண்ணாடி ஏறுவதற்குள் விடிந்துவிடும் போலிருக்கிறது. மோட்டாரை ரிவெட் அடித்து வைத்திருக்கிறார்கள், டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த அளவு பிட் போட்டீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.