கிபியோன் எத்தனை கிலோமீட்டர்?

(ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, ஜெபித்துத் தொடங்கி வைத்த சேகர குருவானவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற குருமார்களே, சபைச் செயலாளர் அவர்களே, பாடல் நடத்திய கொயர் மாஸ்டர் அவர்களே, பெண்கள் ஐக்கியச் சங்கத் தலைவி அம்மா அவர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பிமாரே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பொருளாளர் ஐயாவை மட்டும் தனியாக இன்னொரு முறை வணங்குகிறேன். ஏன் என்று கூட்டம் முடிவதற்குள் அவருக்கே விளங்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "கிபியோனின் குடிகள்". நான்கு காரியம் சொல்லப் போகிறேன்: அந்த ஜனங்கள், அவர்களுடைய தண்ணீர், அவர்கள் ஊர்ச் சாடியின் கைப்பிடி, சூரியன் தரித்து நின்ற நாள். நான்குக்கும் ஒரே பழமொழி போதும்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

முதலில் பெயர். நம் வேதாகமத்தில் கிபியோன் உண்டு, கிபியா உண்டு, கேபா உண்டு. மூன்றும் பென்யமீன் நாட்டு ஊர்கள். எபிரெயத்தில் குன்று என்ற சொல்லோடு உறவுள்ள பெயர்கள். கிபியோனிலிருந்து சவுல் ராஜாவின் ஊராகிய கிபியா தென்கிழக்கே 5 கிலோமீட்டர்தான். கேபா கிழக்கே 7. வகுப்பில் பிள்ளை "ரெண்டும் ஒரே ஊரா டீச்சர்?" என்று கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். பிள்ளை கேட்டதில் தப்பில்லை. சுவரில் ஒரு நிலப்படம் இல்லை, அதுதான் குறை. இதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். சிலருக்குச் சலித்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிபியோன் எருசலேமுக்கு வடமேற்கே சுமார் 9 கிலோமீட்டர். இன்றைக்கு அங்கே இருப்பது எல்-ஜிப் என்ற பாலஸ்தீனக் கிராமம். 1838இல் அமெரிக்க வேத அறிஞர் எட்வர்ட் ராபின்சன் பெயர் ஒற்றுமையைப் பிடித்து இதுதான் கிபியோன் என்றார். 1956 முதல் 1962 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் பிரிட்சர்ட் தோண்டினார்.

இப்போது யோசுவா 9க்கு வாருங்கள். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானானுக்குள் வருகிறார்கள். எரிகோ விழுந்தது, ஆயி எரிந்தது. ஏவியர் என்ற கானான் ஜாதியாராகிய கிபியோனியர் கூடிப் பேசுகிறார்கள். உபாகமம் 20இன் கட்டளை என்ன? தூரத்துப் பட்டணமானால் சமாதானம் கூறலாம். பக்கத்துப் பட்டணமானால் கூடாது. ஆக, உயிர் பிழைப்பதும் சாவதும் கிலோமீட்டரில் இருக்கிறது! கிபியோனிலிருந்து எரிகோவுக்கு நேர்கோட்டில் 25 கிலோமீட்டர். எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே, சுமார் 250 மீட்டர் பள்ளத்தில்; கிபியோன் 700 மீட்டருக்கு மேலே மலையில். இறங்கினால் ஒரு நாள், கழுதை முரண்டு பிடித்தால் ஒன்றரை நாள். இந்த ஒரு நாளை வெகுதூரப் பயணமாகக் காட்ட வேண்டும்.

என்ன செய்தார்கள்? பழைய இரட்டுப் பைகள். பீறித் தைத்த திராட்சரசத் துருத்திகள். ஒட்டுப்போட்ட செருப்பு. பழைய துணி. அப்புறம் அந்த அப்பம்! ஒரு நாள் பயணத்தில் அப்பம் பூசணம் பூக்காது அம்மா. வீட்டிலேயே பூக்க வைத்துத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல அப்பத்தைத் தூக்கி எறிந்து கெட்ட அப்பத்தைச் சேர்த்து வைத்த வீட்டுக்காரம்மாமாரை நினைத்துப் பாருங்கள். "ஏன்டி, அந்தப் பூசணத்தைக் கழுதைக்காவது போடு" என்று மாமியார் சொல்லியிருப்பாள். "சும்மா இருங்க அத்தை, அது அரசாங்கக் காரியம்" என்று மருமகள் சொல்லியிருப்பாள். (சிரிப்பு)

பேச்சிலும் சூட்சுமம் பாருங்கள். 3ஆம் வசனத்தில் அவர்கள் கேள்விப்பட்டது எரிகோவும் ஆயியும். ஆனால் யோசுவாவிடம் சொன்னது எகிப்தில் நடந்ததும், யோர்தானுக்கு அப்புறத்து ராஜாக்களான சீகோன், ஓக் விழுந்ததும். எல்லாம் பழைய செய்தி. ஏன்? மெய்யாகவே தூரதேசத்தார் என்றால் போன வாரத்து எரிகோ அவர்கள் காதுக்கு எப்படி எட்டியிருக்கும்? எட்டாது. அதனால் மறந்தும் வாயைத் திறக்கவில்லை. "எங்கேயிருந்து வந்தீர்கள்?" என்று யோசுவா கேட்டான். "வெகு தூரதேசம்" என்றார்கள். ஊர்ப்பெயர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளத்தாக்கு வழி, நடுவில் எத்தனை இரவு தங்கினீர்கள் என்று மூன்றே கேள்வி கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். அப்பத்தைப் பார்த்தார்கள், வழியைப் பார்க்கவில்லை. கர்த்தருடைய வாக்கையும் கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள். மூன்று நாள் கழித்துத் தெரிகிறது, இவர்கள் அண்டை வீட்டார்; கிபியோன், கெபிரா, பேரோத், கீரியாத்யாரீம் என்று நான்கு ஊர். உயிரோடே காப்போம் என்று ஆணை இட்டாயிற்று, மீற முடியாது. விறகு வெட்டுகிறவர்களாகவும் தண்ணீர் எடுக்கிறவர்களாகவும் ஆனார்கள்.

தண்ணீர் என்றதும் பிரிட்சர்ட் கண்டெடுத்த குளத்துக்கு வருகிறேன். குளம் என்றதும் நம் ஊர்க் குளத்தை நினைக்காதீர்கள். பாறையில் குடைந்த பெரிய வட்டக் கிணறு. குறுக்களவு 11.8 மீட்டர், ஆழம் 10.8 மீட்டர். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிப் படி. விளிம்பில் பாறையிலேயே செதுக்கிய கைப்பிடிச் சுவர். தரையோடு முடியவில்லை. படி மேலும் சுரங்கமாக இறங்கி நீர் அறைக்குப் போகிறது. மொத்தம் 79 படி. இது போதாதென்று மதிலுக்கு உள்ளிருந்து மலையடி ஊற்றுக்கு 93 படியில் இன்னொரு சுரங்கம். சுவரில் விளக்கு வைக்கப் பிறை. முற்றுகை வந்தால் ஊற்றின் வெளிவாசலை அடைத்துவிட்டு, எதிரி கண்ணில் படாமல் உள்வழியே தண்ணீர் மொள்ளலாம். எச்சரிக்கை ஒன்று: இவை வெட்டப்பட்டது இரும்புக் காலத்தில். யோசுவா காலத்துக் குடிகள் இந்தப் படியில் குடம் சுமந்தார்கள் என்று பிரசங்கத்தில் அடித்துவிடாதீர்கள். 2 சாமுவேல் 2இல் சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேர் பக்கம் 12 பேரும் தாவீதின் படைத்தலைவன் யோவாப் பக்கம் 12 பேருமாக மோதிச் செத்தது கிபியோன் குளத்தண்டை. அதையும் எரேமியா 41இன் பெருந்தண்ணீரையும் இந்தக் குளத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்.

குளம் மண்ணும் கல்லுமாகத் தூர்ந்து கிடந்தது. தூர் வாரும்போது கிடைத்தவைதான் சாடிக் கைப்பிடிகள், எழுத்துள்ளவை 56. பலவற்றில் ஊர்ப்பெயரே இருக்கிறது: கிபியோன். ராபின்சன் ஊகித்ததற்குக் களிமண்ணே கையெழுத்துப் போட்டுவிட்டது! ஆட்பெயர்களில் அனனியா என்ற பெயரும் உண்டு. எரேமியா 28இல் எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்த அனனியாவும் கிபியோன் ஊரான்தான். இருவரும் ஒரே ஆள் என்று சொல்லவில்லை. அந்த ஊரில் அந்தப் பெயர் புழங்கியது, அவ்வளவே. பக்கத்திலேயே பாறையில் குடைந்த 63 நிலவறைகள். வாய் குறுகி வயிறு பெருத்த குழிகள். வெயிலுக்கும் குளிருக்கும் உள்ளே 18 பாகை செல்சியஸ்தான். திராட்சரசம் புளிக்காமல் இருக்க அது வேண்டும்.

சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2 சாமுவேல் 21. சவுல் அந்தப் பழைய ஆணையை மீறிக் கிபியோனியரைக் கொன்றான். தாவீது நாளில் மூன்று வருஷம் பஞ்சம். கிபியோனியர் வெள்ளியும் பொன்னும் வேண்டாம் என்றார்கள். சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்டார்கள். அதில் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். தூக்கிலிட்டது எங்கே? கிபியோனில் அல்ல, கிபியாவில். சவுலின் சொந்த ஊரில், அவன் ஜனங்கள் பார்க்க. இந்த இரண்டு ஊரையும் குழப்பினால் கதையின் உறைப்பே போய்விடும். அங்கே அந்தத் தாய் பாறையின்மேல் இரட்டுத் துணியை விரித்து, வாற்கோதுமை அறுப்புத் தொடங்கி மழை பெய்யும்வரை பறவையையும் மிருகத்தையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

இனி நிலப்படம். அட்லஸைப் பெரிதாக நகலெடுத்து ஒட்டாதீர்கள். அளவுகோல் தப்பிப் போகும். கோரா காடாத் துணி ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். முதலில் நனைத்துக் காயப்போடுங்கள். கோடு போட்ட பிறகு நனைத்தால் துணி சுருங்கி 50 சென்டிமீட்டர் 48 ஆகிவிடும். பிறகு கெட்டிக் கஞ்சி போட்டு இஸ்திரி. கஞ்சி இல்லாவிட்டால் பெயின்ட் ஊறிப் பரவும். ஒரு கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர். இடது விளிம்பிலிருந்து 45இல் கிபியோன். அங்கிருந்து எருசலேம் தென்கிழக்கே 18, கிபியா அதே திசையில் 10, கேபா கிழக்கே 14, எரிகோ கிழக்கே 50, ஆயலோன் பள்ளத்தாக்கு மேற்கே 30. கிபியோன்மேல் படையெடுத்த ராஜாக்களின் ஊர்களில் எபிரோனும் லாகீசும் துணிக்கு வெளியே போகும்; அடியில் அம்புக்குறி போடுங்கள். கடல்மட்டத்துக்குக் கீழான பகுதிக்கு வேறு நிறம் கட்டாயம். இல்லாவிட்டால் கிபியோனைக் காப்பாற்றக் கில்கால் பாளயத்திலிருந்து யோசுவா இராமுழுதும் நடந்தது சமதரையில் என்று பிள்ளை நினைக்கும். 1000 மீட்டர் ஏற்றம் அது. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஒரு வருஷத்தில் வெளிறிவிடும், அக்ரிலிக் பெயின்ட். ஊர்ப்பெயரை நம் வேதாகமத்தில் இருக்கிற எழுத்திலேயே எழுதுங்கள். இடம் உறுதியில்லாத ஊருக்குப் புள்ளி வைக்காமல் கேள்விக்குறி போடுங்கள். பேரோத் அப்படிப்பட்டது, கில்காலும் அப்படித்தான். அங்கேயும் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சூரியன் எனக்காகத் தரித்து நிற்கப் போவதில்லை. ஆகவே நான்காவது காரியத்தை விட்டுவிடுகிறேன். சாலொமோனின் சொப்பனமும், நெகேமியாவின் கணக்கில் திரும்பிவந்த 95 பேரும் அப்படியே நிற்கட்டும்.

பொருளாளர் ஐயா, இந்தச் சபையில் ஒன்பது வகுப்பு. வகுப்புக்கு ஒன்றேகால் மீட்டர் வீதம் பதினொன்றேகால் மீட்டர்; வெட்டும்போது கோணல் போகும், பன்னிரண்டாக எழுதிக்கொள்ளுங்கள். பெயின்டுக் கணக்கைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.