நம் வீடியோவுக்கு யாருடைய அனுமதி?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐபோனில் எடுத்த வீடியோவை விண்டோஸ் கணினியில் திறந்தால் சில சமயம் படம் வராது. அதற்கான சிறு மென்பொருளை வாங்கச் சொல்லித் திரையில் செய்தி வரும். அமெரிக்காவில் அதன் விலை 99 சென்ட். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் நம் பிள்ளையின் ஆண்டுவிழா நடனத்தை நம் கணினியில் பார்க்க எதற்காகக் காசு கட்ட வேண்டும்?

கேமரா காண்பதை அப்படியே சேமித்தால், நொடிக்கு 30 படம் வீதம் முழு எச்டி வீடியோ ஒரு நொடிக்கே ஏறத்தாழ 186 எம்பி பிடிக்கும். எந்தப் போனும் தாங்காது. அதனால் சுருக்குகிறார்கள். மேடையில் பிள்ளை ஆடுகிறது, பின்னால் திரைச்சீலை அசையவில்லை. திரைச்சீலையை ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் அசைந்ததை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். இப்படிச் சுருக்கி விரிக்கும் முறைதான் கோடெக். அதன் பல நுணுக்கங்களுக்கு யாரோ ஒருவர் காப்புரிமை (பேட்டன்ட்) வைத்திருக்கிறார்.

2003-இல் வந்த எச்.264 என்ற கோடெக் இன்று ஏறக்குறைய எல்லாப் போனிலும் ஓடுகிறது. அதன் விதிகளை யாரும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் அதைக் கொண்டு ஒரு பொருள் செய்து விற்கப் போனால், காப்புரிமைக்காரர்களின் கூட்டமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். 2013-இல் வந்த எச்.265, ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தரத்தைத் தருகிறது. அருமையான பொறியியல். ஆனால் அதற்கு உரிமத்தொகை வசூலிக்க ஒன்றுக்கு மூன்று கூட்டமைப்புகள் கிளம்பின. 2017-இல் ஆப்பிள் தன் புதிய போன்களில் இதையே இயல்பான வடிவமாக்கியது. 99 சென்ட் கதை இங்கிருந்துதான் வருகிறது.

2010 ஏப்ரலில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அப்போது இணையத்தில் வீடியோ ஓட்டப் பயன்பட்ட அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளுக்கு எதிராக ஒரு கடிதம் எழுதினார். ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த ஃபிளாஷை இணையம் நம்பியிருக்கக் கூடாது என்று அவர் சொன்னது சரி. ஆனால் மாற்றாக அவர் காட்டிய எச்.264-க்கும் உரிமம் வேண்டும். அதே ஆண்டு மே மாதம் கூகுள், தான் வாங்கிய ஆன்2 நிறுவனத்தின் விபி8 கோடெக்கை உரிமத்தொகை இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா எச்.264 வேண்டாம் என்று உறுதியாக நின்றது. 2012-இல் அதுவும் இறங்கி வந்தது. போன்களில் வீடியோ ஓட வேண்டுமே, வேறு வழியில்லை. அடுத்த ஆண்டு சிஸ்கோ ஒரு எச்.264 மென்பொருளை வெளியிட்டு, உரிமத்தொகையைத் தானே கட்ட முன்வந்தது. நல்ல செயல். ஆனால் இலவசமாக ஒரு உலாவி தருபவர்கள் இன்னொரு பெரிய நிறுவனத்தின் தயவில் நிற்க வேண்டியிருந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதனால்தான் உரிமத்தொகை கேட்காத ஏவி1 என்ற கோடெக்கை நான் ஆதரிக்கிறேன். கூகுள், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ், சிஸ்கோ எல்லோரும் 2015-இல் ஒரு கூட்டணி அமைத்து, 2018-இல் அதை வெளியிட்டார்கள். இடையில் ஆப்பிளும் அந்தக் கூட்டணியில் சேர்ந்தது. இதற்கும் தங்கள் காப்புரிமை இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் உண்டு. சிக்கல் முழுதாக ஓயவில்லை. அப்படியும், யாரிடமும் கேட்காமல் ஒரு கல்லூரி மாணவி தன் அறையில் உட்கார்ந்து பிளேயர் எழுதலாம் என்ற நோக்கத்தோடு பிறந்த வடிவம் அது.

விக்கிப்பீடியாவுக்கான படங்களும் வீடியோக்களும் சேரும் விக்கிமீடியா காமன்ஸ் களஞ்சியத்திலும் இதே கேள்வி எழுந்தது. போன்கள் எடுக்கும், பெரும்பாலும் எச்.264-இல் சுருக்கிய எம்பி4 வீடியோவை ஏற்கலாமா என்று 2014-இல் தன்னார்வலர்கள் விவாதித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். தெருக்கூத்தைப் படம்பிடித்து ஏற்ற நினைக்கும் தமிழ் விக்கிப்பீடியர் அதை வெப்எம் என்ற திறந்த வடிவுக்கு மாற்றவேண்டியிருக்கிறது. வேலை கூடுதல்தான், சிலர் சலித்து விட்டுவிடவும் கூடும். இருந்தாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பொதுச்சொத்தாகச் சேர்ப்பதைத் திறந்து பார்க்க நாளை யாரும் உரிமம் தேட நேரக் கூடாது.

போன் செய்பவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். கேமரா அமைப்பில் திறந்த வடிவம் ஒன்றையும் தேர்வாக வையுங்கள். ஏவி1-இல் பதிவுசெய்ய அதிக உழைப்பு வேண்டும், அதற்கான சில்லு இல்லாத போனில் பேட்டரி கரையும் என்பது உண்மை. ஆனால் எச்.265-க்கும் ஒரு காலத்தில் சில்லு இல்லை. வேண்டும் என்று முடிவெடுத்ததும் வந்தது.

அதுவரை ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் கேமரா, அதற்குள் வடிவங்கள் என்ற இடத்துக்குப் போய், எல்லாச் சாதனத்துக்கும் அதிகம் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ எச்.264-இல் பதிவாகும். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் அநேகமாக எந்தக் கணினியிலும் திறக்கும்.

நன்றி, வணக்கம்.