புதன்கிழமை மாலை பிள்ளை எப்படி வீடு திரும்பும்?

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள செபராங் பிறையில் இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, தலைமையேற்றிருக்கும் டத்தோ அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் இடைநிலைப்பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஆலய நிர்வாகத்தினரே, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கும் அம்மாமார்களே, அப்பாமார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

சட்டமன்ற உறுப்பினருக்கு மதியத்துக்குள் தீவில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பாலத்து நெரிசல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நம்மோடு உட்கார்ந்து கேட்கிறார். அவருக்கு நன்றி. டத்தோ அவர்கள் மண்டபத்துக்கு வாடகை வாங்கவில்லை. அதோடு நாற்காலிகளையும் அவரே வரவழைத்தார். அவருக்கும் நன்றி. விடியற்காலையில் எழுந்து நமக்கெல்லாம் நாசி லெமாக் கட்டிக் கொண்டுவந்த மகளிர் பிரிவுச் சகோதரிகளை விட்டுவிட்டால் எனக்கு மனசு ஆறாது. தயவுசெய்து ஒரு முறை கைதட்டுங்கள்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, படிவம் 1 முதல் 3 வரை, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளில், படிக்கும் மாணவர்களின் புறப்பாட நடவடிக்கைகள். இதில் மூன்று விஷயங்களைப் பேச நினைத்தேன். ஒன்று, புறப்பாடத்தால் படிப்பு கெடுமா என்ற பயம். இரண்டு, எந்தச் சீருடை இயக்கம், எந்தக் கழகம், எந்த விளையாட்டு என்று பிள்ளை எப்படித் தேர்ந்தெடுப்பது. மூன்று, இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழிக் கழகத்தின் நிலை.

முதலில் பயம். "விளையாடப் போனால் மார்க் குறைந்துவிடும்" என்று பல வீடுகளில் கேட்கிறேன். அந்தப் பெற்றோருக்கு டாக்டர் ஜெகதீசனை நினைவூட்டுகிறேன். ரோம், டோக்கியோ, மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை ஒருவராலும் உடைக்க முடியவில்லை. இத்தனையும் செய்தவர் மருத்துவர்! நம் வீட்டில் ஒரு பிள்ளையை டாக்டராக்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்? அதே 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அதை வாங்கியவர் நம் ஓட்ட வீராங்கனை ராஜாமணி. இந்தக் காலத்துப் பிள்ளை வேண்டுமென்றால் பக்கத்து மாநிலமான கெடாவின் சிவசங்கரியைப் பாருங்கள். 2022இல் கார் விபத்தில் படுத்தவர், அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் தங்கம் வாங்கினார். ஸ்குவாஷ் என்றதும் பினாங்குக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது. நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர். நம் புக்கிட் டும்பார் மையத்தில் மட்டை பிடித்து வளர்ந்தவர்.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் போய்விட்டது. படிவம் 3 தேர்வான பிடி3 2022இல் போய்விட்டது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தை மறுபடியும் டியூஷனால் நிரப்பிவிடாதீர்கள்.

மார்க் கணக்கு பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஒரு புள்ளியில் இடம் தவறிய பிள்ளைகளின் பெற்றோர் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். படிவம் 4இல் போய்த் திடீரென்று ஒருவன் சாரணர் தலைவனாகிவிட முடியாது. படிவம் 1இல் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டவன்தான் படிவம் 4இல் தலைவனாவான்.

இன்னொன்று. அந்தப் புறப்பாடப் புள்ளியை எப்படிப் போடுகிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். வருகை, பதவி, ஈடுபாடு, சாதனை என்று பிரித்துப் போடுகிறார்கள். இதில் பெரிய பங்கு வருகைக்குத்தான். திறமை பிறகு, முதலில் ஆள் வர வேண்டும். நம் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

"ஆர்வம் இல்லை" என்கிறார் ஓர் ஆசிரியர். "போனிலேயே கிடக்கிறான்" என்கிறார் ஓர் அப்பா. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டவள். எனக்குக் கிடைத்த பதில் வேறு. வேன் இல்லை. இவ்வளவுதான்.

பல பள்ளிகளில் புறப்பாடம் புதன்கிழமை மதியம். வகுப்பு முடிந்ததும் பள்ளி வேன் வந்து நிற்கும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். வேன்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அடுத்த பள்ளி, அடுத்த நடை இருக்கிறது. மாலையில் பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்கு அந்த வேன் கிடையாது. அப்பா லாரியில் ஈப்போ போயிருப்பார். அம்மா பிறையில் தொழிற்சாலையில் இருப்பார். இரண்டு நேரப் பள்ளியாக இருந்து, படிவம் 1 மதியத்தில் நடந்தால் சிக்கல் தலைகீழ்: காலையில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. கார் உள்ள வீட்டுப் பிள்ளை ஹாக்கி ஆடுகிறது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளை புதன்கிழமைதோறும் "டீச்சர், வயிறு வலிக்குது" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறுகிறது. ஆசிரியர் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்த காலம். எங்கள் லைனில் ஓர் அக்கா, கணவர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண் படிவம் 2. வாய் திறந்து நாலு வார்த்தை பேசாது. ஆனால் கை அப்படிப்பட்ட கை! பள்ளி விளையாட்டுப் போட்டியில் யாரோ ஆள் குறைகிறது என்று குண்டு எறியக் கூப்பிட்டிருக்கிறார்கள். எறிந்தாள் பாருங்கள், கோடு போட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் நாடாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாராம். அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், "நீ புதன்கிழமை பயிற்சிக்கு வா" என்று.

சரி, வருவாள். திரும்பிப் போவது எப்படி? பயிற்சி முடிய ஐந்து மணியாகிவிடும். வீடு சிம்பாங் அம்பாட் பக்கம். அக்கா லைனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். கடைசியில் பக்கத்தில் உட்காரும் மலாய்க்காரப் பெண்மணிதான் கேட்டு வாங்கினார். வாங்கி, பஸ்ஸில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார்.

எங்கள் கம்பெனி பஸ் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகும். டிரைவர் அண்ணனிடம் கேட்டோம். "ஐயோ, முடியாதும்மா. கம்பெனி ஆளைத் தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாது. நடுவுல நிறுத்தவும் கூடாது. என் வேலை போயிடும்" என்றார். நியாயம்தான். பஸ்ஸில் நாற்பது பெண்கள். ஒருவரும் பேசவில்லை. அடுத்த புதன்கிழமை, பள்ளி வாசல் வந்தது. பஸ் நின்றது. அண்ணன் திரும்பிப் பார்க்காமல், "டயர் என்னமோ சத்தம் போடுது, பார்த்துட்டு வரேன்" என்று இறங்கிப் போனார். கதவு திறந்தே இருந்தது. பிள்ளை ஏறிக்கொண்டது. அண்ணன் டயரைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

அதற்கடுத்த புதனும் டயர் சத்தம் போட்டது. அதற்கடுத்த புதனும்! அந்த ஆண்டில் பினாங்கிலேயே அதிகம் பரிசோதிக்கப்பட்ட டயர் அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைக்காகப் பின்சீட்டில் ஒருவர் பிஸ்கட் வைத்திருப்பார், ஒருவர் மைலோ வைத்திருப்பார். "இன்னைக்கு எத்தனை மீட்டர்?" என்று கேட்காமல் யாரும் தூங்கப் போவதில்லை. மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழியிலும் கேட்போம். வாய் திறக்காத பிள்ளை மூன்று மொழியிலும் பதில் சொல்லப் பழகிவிட்டது. மாவட்டப் போட்டி வந்தது, அதுவும் சனிக்கிழமை. எங்களில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் அப்படியே திடலுக்குப் போய்விட்டோம். அந்தப் பள்ளிக்கு ஏன் இத்தனை பெண்கள் நீலச் சட்டையில் வந்து கூச்சல் போடுகிறார்கள் என்று நடுவர்களுக்குப் புரியவில்லை. பிள்ளை இரண்டாவதாக வந்தாள். முதல் பரிசு வாங்கியவளுக்குக்கூட அவ்வளவு கைதட்டு விழவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று சொன்னேனே, நான் அதைக் கண்ணால் பார்த்தது அந்த பஸ்ஸில்தான்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். அடுத்த ஆண்டு கம்பெனி பஸ் குத்தகை கைமாறியது. புது டிரைவர் வந்தார். விதிப்படி ஓட்டினார், பள்ளி வாசலில் நிற்கவில்லை. பிள்ளை சில வாரம் சமாளித்துப் பார்த்தது. அப்புறம் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டது. படிவம் 3இல் அந்தக் கை மறுபடியும் குண்டைத் தொடவில்லை. ஒரு நல்ல மனிதரின் துணிச்சலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு அது. அவர் போனதும் எல்லாம் போயிற்று. நம் பிள்ளைகளின் விளையாட்டும் சாரணரும் செம்பிறைச் சங்கமும் இப்படி யாரோ ஒருவரின் இரக்கத்தில் நடக்கக் கூடாது.

ஆகவே என் கோரிக்கை இது. நம் பகுதியின் ஒவ்வோர் இடைநிலைப்பள்ளிக்கும் புதன்கிழமை மாலை ஒரு வேன் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேனில் 12 பிள்ளைகள், ஒரு நடைக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 வெள்ளி. மாதம் நான்கு புதன்கிழமைக்கு 20 வெள்ளி. இதைக் கொடுக்க முடிந்த வீடு கொடுக்கட்டும். முடியாத வீட்டுக்கு ஆலயம் கொடுக்கட்டும், சங்கம் கொடுக்கட்டும். திருவிழா அன்னதானத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக் கொடுக்கும் கை நமக்கு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடாத தெரு உண்டா? அதில் ஒரு பிடியை ஆண்டு முழுவதும் புதன்கிழமைக்கு ஒதுக்கினால் போதும் என்று ஆலய நிர்வாகத்தினரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேன் என்றால் லைசென்ஸ் உள்ள பள்ளி வேன். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தெரிந்தவர் காரில் எட்டுப் பேரை அடைத்து அனுப்புகிற வேலை வேண்டாம். பிள்ளை இறங்கியதும் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வர வேண்டும். பெண் பிள்ளைகள் கடைசியாக இறங்குகிற வழித்தடம் கூடாது. பள்ளி நிர்வாகம் பயிற்சி முடியும் நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதே நேரத்தில் முடிக்க வேண்டும். மழை வந்து பயிற்சி ரத்தானால் மதியத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இவ்வளவையும் ஆசிரியர் தலையில் கட்ட முடியாது. அவர்களுக்கு இருக்கிற கோப்பு வேலையே போதும். அதற்குத்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது.

சாரணர் இயக்கம் இந்த நாட்டுக்குள் முதலில் வந்து இறங்கிய இடம் நம் பினாங்கு, 1908இல். நூறாண்டு தாண்டிய அந்த இயக்கத்தில் இன்று நம் பிள்ளைகள் எத்தனை பேர் கழுத்துக்குட்டை கட்டுகிறார்கள் என்று உங்கள் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள். அதோடு அவர்களில் எத்தனை பேர் வீட்டில் கார் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

தேர்வு செய்வது எப்படி என்பதற்கு ஒரே வார்த்தை: படிவம் 1 முதல் வாரத்தில் விண்ணப்பப் பாரம் வரும்போது, எதில் இடம் காலியோ அதில் பெயர் எழுதிவிட்டு வராதே என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். தமிழ்மொழிக் கழகத்தைப் பற்றி எனக்குப் பின்னால் பேசும் தமிழாசிரியை என்னைவிட நன்றாகச் சொல்வார்; அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். கயிறு பின்வரிசை மேசையில் இருக்கிறது, மூன்று தாள்கள். முதல் தாளில் புதன்கிழமை வேன் தேவைப்படும் பிள்ளையின் பள்ளி, வகுப்பு, எந்தத் தாமான் (குடியிருப்பு) என்று எழுதுங்கள். இரண்டாவது, மாதாமாதம் பணம் தர முடிந்தவர்களுக்கு. மூன்றாவது, லைசென்ஸ் உள்ள வேன்காரரைத் தெரிந்தவர்களுக்கு. சட்டமன்ற உறுப்பினர் கிளம்புவதற்குள் முதல் தாளின் ஒரு நகலை அவர் கையில் கொடுக்க ஆசைப்படுகிறேன். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.