உச்சிக்கு முந்திய கிழமைகள்

(வெள்ளவத்தையில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)

வணக்கம். எவரெஸ்ட் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் உச்சியைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கொடி, முகமூடி, புகைப்படம். அதை இன்றைக்கு விட்டுவிடுவோம். என்னைக் கேட்டால் ஒரு குழு தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் முதல் சில கிழமைகளிலேயே தெரிந்துவிடும், அந்தக் கிழமைகளில் அவர்கள் பார்க்கிற வேலையில் பாதி, ஏறின இடத்திலிருந்து திரும்ப இறங்குவது.

1953 ஐ எடுங்கள். எவரெஸ்ட் உச்சியை முதன்முதலில் தொட்ட, ஜோன் ஹன்ட் தலைமையிலான பிரித்தானியக் குழு மார்ச் 10 ஆம் திகதி காத்மண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து நடக்கத் தொடங்கியது. இன்றைக்கு மலையேறுபவர்கள் விமானத்தில் போய் இறங்கும் லுக்லாவில் அப்போது ஓடுபாதையே கிடையாது. தொன் கணக்கில் சாமான், அதைச் சுமக்க 350 பேர் அளவில், பாரம் முதுகில், அதைத் தாங்கும் பட்டி நெற்றியில். இரண்டு கிழமைக்கு மேல் நடந்து தெங்போச்சே மடாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரி, பிறகாவது எவரெஸ்டுக்கு ஓடினார்களா என்றால் அதுவும் இல்லை, மூன்று கிழமையளவு அந்தச் சுற்றுவட்டாரச் சின்ன மலைகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். சின்ன மலை என்றால் 6,000 மீற்றர் அளவு. எங்கள் பீதுருதாலகால 2,524.

ஏன் இந்தத் தாமதம்? மேலே காற்றில் ஒட்சிசனின் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் காலிமுகத்திடலிலும் அங்கேயும் ஒன்றுதான், கிட்டத்தட்ட 21 சதவீதம். குறைவது அமுக்கம். 5,364 மீற்றரில் இருக்கும் அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு முதலில் வேகமாக மூச்சிழுத்துச் சமாளிக்கும், செங்குழியங்களைக் கூட்டுவதற்குக் கிழமைக்கணக்கில் எடுக்கும். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டுமே ஆளைக் கொல்லும். உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். அதனால்தான் 3,000 மீற்றருக்கு மேலே, படுக்கிற உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்கிறார்கள். பகலில் எவ்வளவும் ஏறு, இரவில் இறங்கி வந்து படு.

முகாமில் தண்ணீர் 82, 83 பாகையிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கிக் கொதிக்கும், உள்ளே பருப்பு கல்லுப்போலக் கிடக்கும். குக்கர் இல்லாவிட்டால் சமையல் இல்லை. சமைத்தாலும் யாருக்குப் பசி? தலையிடி, நித்திரை இல்லை, வந்தாலும் மூச்சு நின்று நின்று வரும், பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோய்த் தட்டி எழுப்புவார்.

அடுத்தது, அடிவார முகாமுக்கு மேலே இருக்கும் கும்பு பனிவீழ்ச்சி. பனியாறு ஒன்று சரிவில் உடைந்து, வீட்டளவு பனிப்பாளங்களாகச் சிதறிக் கிடக்கிற இடம், அதுவும் சும்மா கிடக்காது, நாளொன்றுக்கு ஒரு மீற்றர் அளவில் நகரும். நேற்றுக் கட்டிய ஏணி இன்றைக்குக் கோணலாகத் தொங்கும். 1953 குழு அங்கே சில இடங்களுக்கு ‘ஹிலாரியின் பயங்கரம்’, ‘அணுகுண்டு’ என்றெல்லாம் பெயர் வைத்தது. பகிடிதான், ஆனால் ஏப்ரல் கடைசியில் அதே வழியால் அவசரமாக இறங்கும்போது ஹிலாரி ஒரு பனிப்பிளவைப் பாய்ந்தார், கால் வைத்த விளிம்பு உடைந்து அவரோடு சேர்ந்து உள்ளே போனது. பின்னால் வந்த டென்சிங் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றை அதில் சுற்றிப் பிடித்துவிட்டார். மே 29 ஆம் திகதி உச்சியில் நின்ற சோடி அதுதான். ஒருவரின் கயிற்றை மற்றவர் நம்பலாம் என்பது ஒரு மாதம் முந்தியே, அந்தப் பிளவில் தெரிந்த விடயம்.

இதை ஹிலாரியின் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. பணம் கட்டி ஏறுபவர் கும்புவைச் சில தடவை கடப்பார், ஷெர்பாக்கள் கூடாரமும் கயிறும் ஒட்சிசன் உருளையும் சுமந்துகொண்டு திரும்பத் திரும்பக் கடப்பார்கள். 2014 ஏப்ரல் 18 காலை அங்கே பனிச்சரிவில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பருவத்தின் தொடக்க நாட்கள், மேல்முகாம்களுக்குச் சாமான் ஏற்றும் வேலை. உச்சியின் பக்கமே போகாத நாட்களில்தான் இப்படி நடக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு வருவோம். 2016 மே மாதம் ஜயந்தி குரு உதும்பால உச்சியைத் தொட்டார், முதல் இலங்கையர். கூடப்போன ஜொஹான் பீரிஸ் ஏறத்தாழ 8,400 மீற்றரில் ஒட்சிசன் பிரச்சினையால் திரும்பிவிட்டார். 2018 இல் மறுபடி போய் ஏறினார். விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, கவனியுங்கள். பழகின உடம்பு கீழே வந்து சில கிழமைகளில் பழையபடி ஆகிவிடும், ஆகவே அந்தத் தலையிடி, நித்திரையின்மை, கும்பு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி கேட்டார், நுவரெலியாவில் ஒரு மாதம் தங்கினால் உடம்பு பழகுமா என்று. பழகாது தம்பி. நுவரெலியா 1,900 மீற்றர்கூட இல்லை, உயர நோய் பொதுவாகத் தொடங்குவதே 2,500 அளவில்தான். கால்களுக்கு வேண்டுமானால் முதுகில் பாரத்தோடு சிவனொளிபாத மலைக்கு ஏறி இறங்குங்கள், இறங்குவதில் கூடுதல் கவனம், முழங்கால் அங்கேதான் போகும். மற்றதை நேபாளத்தில், நாம்சே பஜாரில் இரண்டு இரவு தங்கி ஆரம்பிக்கலாம்.