ஹூடியா: பசி அடக்கும் செடியின் கதை

நண்பர்களே, திரையில் தெரிகிற இந்த முட்செடியைக் கள்ளி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கள்ளி இல்லை, ஹூடியா. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, அங்கோலா நாடுகளின் வறண்ட நிலங்களில் வளர்வது. நம் எருக்குக்குப் பங்காளி. காய் வெடித்ததும் பட்டு இழையோடு விதை பறப்பதைப் பார்த்தால் உறவு புரிந்துவிடும்.

பூவை உற்றுப் பாருங்கள். தட்டு மாதிரி அகலமாக, இறைச்சி நிறத்தில் இருக்கிறது. படத்தில் வாடை வராதது நம் நல்ல காலம்; கிட்டே போனால் அழுகிய இறைச்சி நாற்றம். செடிக்கு வேண்டியது ஈ. ஏமாந்து வந்து உட்காரும் ஈயின் மேல் மகரந்தம் தூளாக ஒட்டுவதில்லை. குட்டிப் பொட்டலமாகக் கவ்விக்கொள்கிறது. அடுத்த பூவுக்கு அதைச் சுமப்பதும் அந்த ஈதான்.

தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலகாரிப் பாலையில் வாழும் சான் பழங்குடி மக்கள், வேட்டைக்குப் போகும்போது முள்ளைச் சீவிவிட்டு இதன் தண்டைத் தின்பார்கள். பசியும் தாகமும் அடங்கும். தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சி மன்றம் ஒன்று அதில் பசியைக் குறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, 1990களின் நடுவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1997இல் பிரிட்டனின் பைட்டோஃபார்ம் நிறுவனம் அதற்கு உரிமம் வாங்கியது. அடுத்த வருடம் ஃபைசர் மருந்து நிறுவனம் அதோடு கைகோத்தது. உடல் மெலிய மாத்திரை என்றால் சந்தை எவ்வளவு பெரிது! சான் மக்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001இல் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தபோது, அந்த மக்கள் அழிந்துபோய்விட்டார்கள் என்று நினைத்திருந்ததாக பைட்டோஃபார்ம் தரப்பில் விளக்கம் வந்தது. சான் மக்களோ வழக்கறிஞரை வைத்துப் பேச்சுவார்த்தைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

2003இல் ஆராய்ச்சி மன்றத்துக்கும் சான் மக்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. ராயல்டியில், அதாவது மருந்து விற்றால் காப்புரிமைக்காகக் கிடைக்கும் பங்கில், 6 சதவீதம் சான் மக்களுக்கு. மாத்திரை விற்கும் விலையில் அல்ல, ஆராய்ச்சி மன்றத்தின் கைக்கு வரும் ராயல்டியில். இந்த நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆராய்ச்சி ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் மன்றத்துக்கு வரும் தொகையில் 8 சதவீதம்.

ஆனால் அதே வருடம் ஃபைசர் விலகியது. 2004இல் யூனிலீவர் வந்தது. பாதுகாப்பும் பலனும் போதாது என்று 2008இல் அதுவும் விலகியது. இதற்கிடையே இணையத்தில் ஹூடியா மாத்திரைகள் குவிந்தன. பலவற்றில் ஹூடியாவே இல்லை. காட்டுச் செடியை யாரும் வாரிக்கொண்டு போகாமலிருக்க, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சரி, ராயல்டி? அந்த மருந்து சந்தைக்கே வரவில்லை. சான் மக்கள் பார்த்தது, இடைக்கட்டத் தொகையில் வந்த சிறு பங்குதான்.