லீவு விட்டாச்சு, ஊருக்குப் போகலையா?

வணக்கம் நேயர்களே. ஆயுத பூஜை லீவு வருது. பெங்களூர்ல இருக்கிற நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேர் பெட்டியை இறக்கி தூசி தட்டியிருப்பீங்க, மீதிப்பேர் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்ல தொங்கிட்டு இருப்பீங்க. முன்னாடியெல்லாம் 120 நாளைக்கு முன்னால டிக்கெட் போடலாம், 2024 நவம்பர்லருந்து 60 நாள்னு ஆக்கிட்டாங்க, ஆனா பண்டிகை டைம்ல நமக்கு 60 என்ன 120 என்ன, காலைல 8 மணிக்குத் திறக்குது, டீயை ஆத்திக் குடிச்சுட்டு வந்து பார்த்தா ரெக்ரெட்னு காட்டுது. அப்புறம் தட்கல், அதுவும் போச்சுன்னா ஆம்னி பஸ். அந்த ரேட்டை ரேடியோல சொல்லக் கூடாது, பெரியவங்க கேட்டுட்டு இருப்பாங்க.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். இந்தத் தடவை போகாதீங்க. லீவை எடுங்க, ஆனா பெங்களூர்லயே இருங்க.

உடனே, போன தடவை என் மாமியார் கேட்ட கேள்வியை நீங்களும் கேப்பீங்க. "லீவு விட்டும் வரலன்னா நாலு பேர் என்னம்மா பேசுவாங்க?" நான் சொன்னேன், "அத்தை, நீங்க கிளம்பி இங்க வாங்க. ஊரே இங்கருந்து அங்க வருது, அங்கருந்து இங்க வர்ற ட்ரெயின்ல சீட்டு இருக்கு". நிஜமாவே இருந்துச்சு, அதுவும் லோயர் பெர்த். வந்து இறங்கினதும், "கூட்டமே இல்லையே"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. என் பையனுக்குத்தான் கவலை, ஸ்கூல்ல எல்லாரும் எங்கெங்கயோ போனதா சொல்லுவாங்களாம், நாம என்ன சொல்றதுன்னு.

சரி, வீட்டுல இருக்கிறதுன்னா என்ன? பொம்பளைங்க கேட்டுட்டு இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். எல்லாரும் வீட்டுல இருந்தா காலைல டிபன், பதினொரு மணிக்கு காபி, மதியம் சாப்பாடு, நாலு மணிக்கு "ஏதாவது இருக்கா?". இது யாருக்கு லீவு? போதாக்குறைக்கு பரண்ல இருக்கிறதை எல்லாம் கீழ இறக்கி, ஒட்டடை அடிச்சு, பழைய சூட்கேஸைத் திறந்து பார்த்து, திரும்ப அதே இடத்துலயே ஏத்தி வைக்கிற வேலை வேற. அதனால எங்க வீட்டுல கண்டிஷன் போட்டாச்சு: பரண் பக்கம் யாரும் தலை வச்சுப் படுக்கக் கூடாது, காலை டிபன் தெருமுனை தர்ஷினி ஹோட்டல்ல. நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி ஒரு வடை சாம்பார்ல முக்கி சாப்பிட்டு காபி குடிச்சா வேலை முடிஞ்சது, பாத்திரம் அவங்க கழுவிப்பாங்க. ஊருக்குப் போற பஸ் காசுல ஒரு பங்கு கூட ஆகாது. அடுப்புக்கு லீவு விடாம வீட்டுல இருக்கிறதை நான் லீவுன்னே ஒத்துக்க மாட்டேன், இதை இன்னொரு தடவையும் சொல்லுவேன்.

இப்ப எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். மடிவாளா. பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ்தான? வெள்ளிக்கிழமை ராத்திரி, கையில பை, முதுகுல பை, மதுரை பஸ் எங்க நிக்குது, கோயம்புத்தூர் பஸ் இன்னும் வரலையா, டிரைவருக்கு போன் போட்டா "அஞ்சு நிமிஷம் சார்"னு சொல்லி முக்கா மணி நேரம். நம்ம தமிழ் ஜனம் பாதி அந்த ரோட்டு ஓரத்துல காலை மாத்தி மாத்தி நின்னிருக்கு. அங்கருந்து கொஞ்ச தூரத்துல பழைய மடிவாளாவுல சோமேஸ்வரர் கோயில் இருக்கு. அதோட வெளிச்சுவத்துல தமிழ்க் கல்வெட்டு இருக்கு நேயர்களே! 1247ஆம் வருஷத்துது. வெங்களூர், அதாவது நம்ம பெங்களூர், பெரிய ஏரிக்குக் கீழ இருக்கிற நிலத்தை வேப்பூர்க்காரர் ஒருத்தர் தானமா எழுதி வச்சிருக்கார். வேப்பூர்ங்கிறது வேற ஒண்ணும் இல்ல, நம்ம பேகூர்தான். கெம்பே கவுடா இந்த ஊரைக் கட்டுறதுக்கு கிட்டத்தட்ட முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி. நாம அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறோம்.

அந்த லீவுல அத்தை, பையன், நான் மூணு பேரும் போனோம். ரோடு காலி. வழியெல்லாம் ஆட்டோவுக்கும் டெம்போவுக்கும் வாழைக்கன்னு கட்டியிருக்காங்க, குங்குமம் போட்டு உடைச்ச பூசணிக்காய் நடுரோட்டுல கிடக்கு, பைக்ல போறவங்க பார்த்துப் போங்க, வழுக்கும். கோயில் சுவத்துக்கிட்ட நின்னா, முதல்ல ஒண்ணுமே புரியாது. எழுத்து தமிழ்தான், ஆனா அந்தக் காலத்துல புள்ளி வைக்க மாட்டாங்க, கால் போட்டிருக்கா இல்ல 'ர'வான்னு தெரியாது, ரெண்டும் ஒரே கோடு. பையன் போன் டார்ச்சை நேரா அடிச்சான், எழுத்து எல்லாம் மறைஞ்சு போச்சு. டார்ச்சை சுவரோட ஒட்டி பக்கவாட்டுல பிடிக்கணும், அப்பத்தான் வெட்டின பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். எங்கத்தை அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்க, மூக்கு சுவத்துல இடிக்கிற மாதிரி நின்னு விரலால தடவித் தடவி ஒரு 'ன', ஒரு 'ம'ன்னு கூட்டிப் படிச்சாங்க. முழு வரி வரல, வர வேண்டியதும் இல்ல. அர்ச்சகர் வந்து எந்த ஊருன்னு கேட்டார், அத்தை சட்டுனு "இங்கதான்"னுட்டாங்க!

முழுசா படிக்கணும்னா வழி இருக்கு. பி.எல். ரைஸ்னு ஒரு வெள்ளைக்காரர், 1837ல இந்த ஊர்லயே பிறந்தவர், பெங்களூர் ஜில்லா கல்வெட்டை எல்லாம் தொகுத்து 1905ல போட்டார். இப்ப மிதிக் சொசைட்டின்னு ஒரு வரலாற்று ஆராய்ச்சி சங்கம், 1909ல ஆரம்பிச்சது, கல்வெட்டுகளை த்ரீ-டி ஸ்கேன் எடுத்து வைக்குது. ரோடு போட, வீடு கட்டன்னு கல்லு காணாமப் போயிட்டே இருக்கு, அதனால இது பெரிய காரியம். எனக்கு இதைப் பத்தியே நாள் பூரா பேசலாம், அது வேற விஷயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, டைம் ஆச்சு போல. தொம்லூர் சொக்கநாதர் கோயில், அங்கயும் தமிழ்க் கல்வெட்டு இருக்குன்னு மட்டும் சொல்லிடறேன். அல்சூர் தமிழ்ச் சங்கம், 1950லருந்து இருக்கு, லைப்ரரிக்கு ஒரு மதியம் ஒதுக்குங்க. லால்பாக் பாறை, 300 கோடி வருஷத்துக்கு மேல வயசு, அதைத்தான் நிதானமா சொல்லணும்னு எழுதிட்டு வந்தேன், பேப்பர்ல ரெண்டு பக்கம் இருக்கு, போச்சு. வெயில் ஏர்றதுக்கு முன்னாடி போங்க, செருப்பு வழுக்காததா போட்டுக்கோங்க, மாமியாரைக் கூட்டிட்டுப் போங்க. வரேங்க, வணக்கம்.