இரவுதோறும் நிலாவாரைப் பொடி: நிறுத்த முடியுமா?

துணிக்கடையில் பணிபுரியும் சகோதரி ஒருவர் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக இரவில் ஒரு தேக்கரண்டி நிலாவாரைப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தால்தான் காலையில் மலம் கழிகிறது என்றும், ஒரு நாள் விட்டாலும் மூன்று நாட்கள் வயிறு கட்டிக்கொள்கிறது என்றும் சொல்லி, இது இயற்கையான பொருள்தானே, தொடரலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, நிலாவாரை இலைதான் என்றாலும் அது கீரை அன்று. பெருங்குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கும் மருந்து. மருத்துவரைக் கேட்காமல் ஓரிரு வாரங்களுக்கு மேல் அதைத் தொடரக் கூடாது. அது குடலை ஒரேயடியாகக் காலி செய்துவிடுவதால், மறுபடி நிரம்புவதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அந்த இடைவெளியையே மலச்சிக்கல் என்று அஞ்சி மீண்டும் பொடியைத் தேடுகிறோம். நாளுக்கு மூன்று முறை போவதும் இயல்புதான், வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்புதான். முக்காமல், இறுகாமல் போகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

உங்கள் வேலையிலும் ஒரு காரணம் இருக்கக்கூடும். கழிவறைக்குப் போக நேரிடுமே என்று தண்ணீரைக் குறைப்பதும், மலம் வரும் உணர்வை அடக்குவதும் கடைகளில் நிற்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கங்கள். (கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது, கழிவறைக்கு ஐந்து நிமிடம் கேட்கத்தான் இன்னும் கூச்சப்படுகிறோம்.) அடக்கிய மலம் காத்திருக்கும் நேரமெல்லாம் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அது கெட்டிப்படுகிறது.

வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலையில் இந்த அசைவு வலுவாக இருக்கும். ஆகவே கடைக்குப் புறப்படும் அவசரத்துக்கு முன்பாகவே சிற்றுண்டியை முடித்து, அரை மணி நேரத்துக்குள், வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் கழிவறையில் அமருங்கள். மேற்கத்தியக் கழிவறையானால், காலடியில் ஒரு மணையை வைத்து முழங்கால்களை இடுப்புக்கு மேலே உயர்த்திக்கொண்டால் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழிவிடும்.

உணவில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இட்லியும் வெள்ளைச் சோறும் மட்டும் இதைத் தந்துவிடா. கொத்தவரங்காய், அவரைக்காய், கீரை, சுண்டல், கேழ்வரகு, விதையோடு மென்று தின்னும் கொய்யா ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வாருங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். வாழைப்பழம் நன்கு கனிந்திருக்கட்டும், செங்காய் சிலருக்கு மலத்தைக் கட்டிவிடும்.

நிலாவாரையை முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகவும், பிறகு வாரம் இருமுறையாகவும் குறையுங்கள். அப்படிக் குறைத்துவரும் நாட்களில் இசப்பகோல் உமியை (நார்ச்சத்து நிறைந்த ஒரு விதையின் உமி) ஒரு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீரும் அருந்துங்கள். தண்ணீர் போதாவிட்டால் அந்த உமியே அடைத்துக்கொள்ளும் என்பதால், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, அண்மையில் திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் தைராய்டு குறைபாடும்கூட மலத்தை இறுக்கும் என்பதால், போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.